தூக்கிப் போடாத சீட்டுகள்

மொய் நோட்டை ஒரு கதைப் புத்தகம் மாதிரி உட்கார்ந்து படித்திருக்கிறீர்களா? என் மாமனார் வீட்டில் 1974-ல் ஒரு காதுகுத்துக்கு எழுதிய மொய் நோட்டு இருக்கிறது. மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே குலதெய்வத்தின் பெயர், பிறகு ஊர் ஊராக ஆட்கள். இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், அபூர்வமாகப் பதினொன்று. ஓரிடத்தில் பணத்துக்குப் பதிலாகப் ‘பித்தளைத் தூக்குச் சட்டி 1’ என்றிருக்கும். இன்னோரிடத்தில் பெயரே இல்லாமல் ‘பால்காரர் வீடு’ என்று மட்டும் இருக்கும். “பால்காரர் வீடுன்னா யாரு அத்தை?” என்று மாமியாரிடம் கேட்டேன். “அதுவா, நம்ம தொழுவத்துக்குப் பின்னாடி இருந்தாங்கள்ல...” என்று ஆரம்பித்தவர் விளக்கு வைக்கிற நேரம்வரை நிறுத்தவில்லை. பஞ்ச காலத்தில் அந்த வீட்டுக்காரர் கைக்குழந்தைக்குக் காசு வாங்காமல் பால் ஊற்றியது, அவர் மகள் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டது, அந்த மகளுக்கு எங்கள் அத்தை ஒருவருக்கும் தெரியாமல் சேலை எடுத்துக் கொடுத்தது எல்லாம் வந்தன.

அந்தப் பக்கத்தின் நகலை என் ஸ்கிராப் புத்தகத்தில் இடப்பக்கம் ஒட்டியிருக்கிறேன். வலப்பக்கம் அத்தை சொன்னதை, முடிந்தவரை அவர் சொன்ன மாதிரியே, என் கையால் எழுதியிருக்கிறேன். பூ இல்லை, மினுமினுப்பு இல்லை. என் புத்தகங்களிலேயே வீட்டுக்கு வருகிறவர்கள் அதிக நேரம் நின்று படிக்கிற பக்கம் அதுதான்.

ஸ்கிராப் புக் என்றால் பலருக்கு ஆடம்பர வேலைப்பாடு போலத் தெரிகிறது: வெளிநாட்டுத் தாள், பளபளக்கும் ஸ்டிக்கர், மெஷினில் வெட்டிய இதயங்கள், ஆயிரக்கணக்கில் செலவு. ‘ஐயோ, எனக்குக் கைவேலை வராதுக்கா’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். இந்தப் பொழுதுபோக்குக்கு முதலில் வேண்டியது, குப்பைக்குப் போகவிருக்கிற ஒரு சீட்டை எடுத்து ‘இது இருக்கட்டும்’ என்று சொல்லும் மனசு. அடுத்தது, அது ஏன் இருக்க வேண்டும் என்று பக்கத்தில் நாலு வரி எழுதும் பொறுமை. ஸ்டிக்கரெல்லாம் அதற்குப் பிறகு, இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டாலும் குறையில்லை.

நான் பைண்டிங் கடைக்காரரின் மகள். மதுரையில் மாசி வீதிகளுக்கு உட்புறம் ஒரு சந்தில் அப்பாவுக்குச் சின்னக் கடை. கோர்ட்டுக் கட்டுகளும் பள்ளிக்கூடப் பதிவேடுகளும்தான் அன்றாடச் சோறு. ஆனால் அப்பாவுக்குப் பிடித்த வேலை வேறு. பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, சணல் கயிறு கட்டி, பையில் போட்டுக்கொண்டு ஆட்கள் வருவார்கள். கல்கியில் 1950-ல் தொடங்கி 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வன்’ மணியத்தின் படங்களோடு வரும். குமுதத்தில் வந்த சாண்டில்யனின் ‘கடல் புறா’ லதாவின் படங்களோடு வரும். ஒரு வாரம் விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் வெள்ளைத்தாள் வைத்து, ‘இந்த அத்தியாயம் எதிர்வீட்டில் படித்தேன்’ என்று பென்சிலில் எழுதியிருப்பார்கள். அப்பா அந்தத் தாளையும் சேர்த்தே தைப்பார். காலிகோ துணி ஒட்டி, முதுகில் பெயர் அச்சடித்துக் கொடுத்தால், வாங்குகிறவர் முகத்தில் பிள்ளையைக் கையில் வாங்குகிற பூரிப்பு இருக்கும்.

அந்த நாவல்கள் இன்று எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். கிடைக்காதவை கதைக்குப் பின்புறம் அச்சாகியிருந்த விளம்பரங்கள், துணுக்குகள், வாசகர் கடிதங்கள். தலைவலி மாத்திரையும் ரேடியோப் பெட்டியும் அன்றைக்கு எப்படிப் பேசி விற்கப்பட்டன என்று பார்க்க எனக்கு அந்தக் கிழித்த பக்கங்கள் வேண்டும். கதைக்காகச் சேர்த்தவர்கள் தங்களை அறியாமலே ஒரு காலத்தைச் சேர்த்திருக்கிறார்கள்.

இன்னொரு புத்தகமும் எங்கள் பக்கத்து வீடுகளில் உண்டு: கோல நோட்டு. நேர்ப்புள்ளி பதினைந்து, ஊடுபுள்ளி எட்டு என்று மேலே குறித்து, புள்ளி வைத்து இழுத்த கோலங்கள். நடுவே மார்கழி மாதப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியவை. கடைசிப் பக்கங்களில் அதிரசப் பாகுக்குப் பதம், சளிக்குக் கஷாயம், யாரோ ஒருவருடைய முகவரி. அம்மாவின் கோல நோட்டில் ஒயர் கூடைக்கு எத்தனை இழை, எந்த நீளத்துக்கு வெட்ட வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு என்று படம் போட்டு, மிஞ்சிய ஒயரில் ஒரு துண்டை ஊசி குத்தி அங்கேயே வைத்திருக்கிறார். பச்சையும் மஞ்சளும். அந்தக் கூடையில்தான் நான் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். யாரும் அம்மாவுக்கு ஸ்கிராப் புக் வகுப்பு எடுக்கவில்லை.

மேல்நாட்டிலும் இது வீட்டுப் பெண்களும் சாதாரண ஆட்களும் வளர்த்த பழக்கம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பத்திரிகைகள் மலிந்தபோது வெட்டி ஒட்டும் பித்து அமெரிக்காவில் பெருகியது. எழுத்தாளர் மார்க் ட்வைனுக்கே அது இருந்தது. பசைக் கிண்ணத்தோடு மல்லுக்கட்டிச் சலித்தவர், பக்கங்களில் முன்கூட்டியே கோடு கோடாகப் பசை தடவிய புத்தகம் ஒன்றை வடிவமைத்து 1873-ல் காப்புரிமை வாங்கினார். தபால் தலை மாதிரி, ஈரம் தொட்டு அழுத்தினால் போதும். அந்தப் புத்தகம் நன்றாகவே விற்றது.

என் மனசில் நிற்பவர் வேறொருவர். பிலடெல்பியாவில் வாழ்ந்த வில்லியம் டோர்சி என்ற கறுப்பினத்தவர் (1837–1923). தன் மக்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எங்கெங்கோ மூலையில் வந்த செய்திகளையெல்லாம் வெட்டி வெட்டி, ஏறக்குறைய 400 ஸ்கிராப் புத்தகங்கள் சேர்த்தார். அன்றைய வரலாற்று நூல்கள் அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு கத்தரியும் பசையும் கொடுத்தன. பிற்காலத்து ஆய்வாளர்களுக்கு அந்தப் புத்தகங்கள் ஒரு நகரத்துக் கறுப்பின வாழ்க்கையையே திறந்து காட்டின.

நம் பக்கத்தில் அப்படி ஒருவர் காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் இருந்தார். ரோஜா முத்தையா செட்டியார். பெயர்ப் பலகை எழுதும் தொழிலில் இருந்தவர். பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார் என்பது பலருக்குத் தெரியும். அவர் நாடக நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும்கூட விடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1992-ல் அவர் மறைந்தார். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது; அதைக் கொண்டே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஒரு நாடக நோட்டீஸ் ஒட்டப்பட்ட மறுநாள் மழையில் நனைந்து போகும் பண்டம். அதை ஒருவர் மடித்து உள்ளே வைத்ததால், அன்றைக்கு எந்த ஊரில் யார் நடித்தார், டிக்கெட் என்ன விலை என்பது இன்றைக்கும் தெரிகிறது.

இன்று கடைகளில் நாம் பார்க்கும் அலங்கார ஸ்கிராப் புக் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து கிளம்பியது. வம்சாவளி எழுதி வைப்பதை மதக் கடமையாகவே கருதும் மார்மன் சபையினர் நிறைந்த இடம் அது. 1980-ல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த ஆவண மாநாட்டில் மேரிலென் கிறிஸ்டென்சன் என்ற பெண்மணி, தன் குடும்பத்துக்காகச் செய்த 50-க்கும் மேற்பட்ட ஆல்பங்களைக் காட்சிக்கு வைத்தார். பார்த்தவர்கள் ‘எங்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்’ என்று சூழ்ந்துகொள்ள, அவரும் கணவரும் அதற்கென்றே கடை திறந்தார்கள். பெரிய வியாபாரம் பின்னால் வந்தது. தொடக்கம் ஒரு தாய் தன் பிள்ளைகளுக்காக எடுத்து வைத்ததுதான்.

எதையெல்லாம் சேர்க்கலாம்? எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சில பெண்களும், வங்கியில் ஓய்வுபெற்ற ஓர் அண்ணனும் வருகிறார்கள். கூடத்தில் பாய் விரித்து, எல்லோரும் அவரவர் பையைக் கொட்டுவோம். முதல் நாள் எல்லோரும் போட்டோதான் கொண்டுவருவார்கள். நான் போட்டோவை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, ‘பீரோவில், பர்ஸில், பூஜை அலமாரி இழுப்பறையில் வேறு என்ன இருக்கிறது, அதைக் கொண்டுவாங்க’ என்பேன். அடுத்த வாரம் வந்து சேரும் பொருள்கள் இருக்கின்றனவே!

பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் பழைய பஸ் டிக்கெட். கண்டக்டர் எச்சில் தொட்டுக் கிழித்துக் கொடுத்த மெல்லிய வண்ணத் தாள். பாண்டியன், சேரன், கட்டபொம்மன் என்று ஓடிய பேருந்துகள் 1997-ல் ஒரே பெயருக்குள் வந்த பிறகு அந்தப் பெயர்கள் டிக்கெட்டில் வருவது நின்றது. அதைக் கொண்டுவந்த அக்கா, அது அவர் வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்குப் போன பயணத்தின் டிக்கெட் என்றார். மஞ்சள் பை ஒன்றில், மருந்துச் சீட்டுகளுக்கு நடுவே கிடந்திருக்கிறது.

சினிமாப் பாட்டுப் புத்தகம். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்பார்கள். எட்டே பக்கம், முன்பக்கம் நாயகன் நாயகி, உள்ளே கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்றிருக்கும். வங்கி அண்ணனுடைய அம்மா, தங்கம் தியேட்டரில் பார்த்த படங்களின் பாட்டுப் புத்தகங்களை ஒரு பவுடர் டப்பாவில் சுருட்டி வைத்திருந்தார். 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்த தியேட்டர் அது, ஆசியாவிலேயே பெரியது என்று நாங்கள் ஊர்ப் பெருமை பேசுவோம். இப்போது கட்டடமே இல்லை. பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் அந்த அம்மா யாரோடு போனார் என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். அண்ணன் ஒரு பெயரைக் காட்டி, “இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதும்மா, அம்மாவோட சிநேகிதி போல” என்றார். தன் அம்மாவுக்குச் சிநேகிதிகள் இருந்தார்கள் என்பதே அவருக்குப் புதுச் செய்தி.

இன்னும் இருக்கின்றன: தீப்பெட்டி லேபிள், பிள்ளையின் முதல் தடுப்பூசி அட்டை, வாடகை ரசீது, பூ வைத்த அன்று கட்டியிருந்த சேலையின் விலைச் சீட்டு, இன்லண்ட் லெட்டர், பிரசவ ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பெயர்ப்பட்டை. ஜாக்கெட் தைத்து மிஞ்சிய துணித்துண்டு ஒன்று ஒரு கல்யாணத்தையே பேசும். தையல்காரர் அளவெடுத்து எழுதிக் கொடுத்த சீட்டைக்கூட ஒருவர் ஒட்டியிருக்கிறார். இருபது வயதில் இருந்த இடுப்பளவு என்று பேத்திக்குக் காட்டுவதற்காக.

எழுதுவதுதான் பலருக்கு மலை. “என்னக்கா எழுதுறது, கொடைக்கானல் போனோம், நல்லா இருந்துச்சு, அவ்வளவுதான்” என்பார்கள். நான் கேள்வி கேட்பேன். எந்த வண்டியில் போனீர்கள்? யாருக்கு வாந்தி வந்தது? என்ன கட்டிக்கொண்டு போனீர்கள், புளியோதரையா, எலுமிச்சைச் சாதமா? யார் வரவில்லை, ஏன் வரவில்லை? பதில் சொல்லச் சொல்ல அப்படியே எழுதச் சொல்வேன். செந்தமிழ் வேண்டாம். ‘பெரியம்மா கோவிச்சுக்கிட்டு வரல’ என்பது ஒரு முழுப் பக்கத்துக்குப் போதுமான செய்தி. தேதி, ஊர், ஆட்களின் முழுப்பெயர் ஆகிய மூன்றையும் மட்டும் விடக்கூடாது. ‘அத்தை, மாமா, நான்’ என்று எழுதினால் முப்பது வருஷம் கழித்துப் படிக்கிற பிள்ளைக்கு எந்த அத்தை என்று தெரியாது.

கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் படம் வைத்திருக்கும் இளம் தாய்மார்கள்தான் இப்போது அதிகம் திணறுகிறார்கள். மாதத்துக்கு ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, ஸ்டுடியோவில் கொடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன். தேர்ந்தெடுக்கும் அந்த வேலையில்தான் பாதி சந்தோஷம். அழகான படத்தைத் தள்ளிவிட்டு, பல் விழுந்த வாயோடு சிரிக்கிற மங்கலான படத்தை எடுக்கும்போது, தனக்கு எது முக்கியம் என்று ஒரு தாய்க்குத் தெரிந்துவிடுகிறது.

இனி என் அப்பாவின் பக்கத்துக்கு வருகிறேன்: தாள், பசை, தையல். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பு.

செய்தித்தாள் வெயிலில் கிடந்தால் ஏன் மஞ்சளாகிறது? மரத்தை அரைத்துச் செய்த மலிவான கூழில் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது நிறம் மாறி, அமிலத்தையும் உண்டாக்குகிறது. அந்த அமிலம் தன் தாளை முறுக்கென்று ஒடியச் செய்வதோடு நிற்காமல், பக்கத்துத் தாளுக்கும் போட்டோவுக்கும் பரவும். பழைய ஆல்பத்தில் செய்தித்துண்டு வைத்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் அதே அளவில் பழுப்புக் கறை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே செய்தித்துண்டை நேராக ஒட்டாதீர்கள். நல்ல தாளில் லேசர் நகல் அல்லது ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். அந்தக் கறுப்பு மை கரியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து சூட்டில் தாளோடு உருகிப் பிடித்தது, எளிதில் மங்காது. அசலைத் தனி உறையில் வையுங்கள். மொய் நோட்டுக்கும் நான் செய்தது இதுதான்.

ஏ.டி.எம். சீட்டு, கடை பில், இப்போதைய பஸ் டிக்கெட் எல்லாம் வேறு ரகம். அவற்றில் மையே இல்லை; சூடு பட்டால் கறுக்கும் ரசாயனம் தாள்மேல் பூசியிருக்கிறது. சில வருஷங்களில் வெறுந்தாளாகிவிடும். மேலே செலோடேப் ஒட்டினாலோ, மலிவான பிளாஸ்டிக் உறையில் போட்டாலோ இன்னும் சீக்கிரம் போய்விடும். கையில் வந்த அன்றே நகல் எடுக்க வேண்டியது இந்த வகைதான்.

செலோடேப் எந்தத் தாளிலும் வேண்டாம். வருஷம் போகப் போகப் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், மேலே இருக்கும் பட்டை மட்டும் சருகாக உதிரும். பக்கம் முழுக்கப் பசை தடவி மேலே பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பம் ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் எல்லாம் இருந்தது. போட்டோவைப் பக்கத்தோடு பற்றிக்கொண்டு விடாது. உங்களிடம் அது இருந்தால், பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் போட்டோவுக்கு அடியில் விட்டு, அறுப்பது மாதிரி மெதுவாக இழுத்து எடுக்கலாம். எடுக்க வராததை வலுவாக இழுக்காமல், அப்படியே படம் பிடித்துக்கொள்வது நல்லது. அதற்கும் முந்திய கறுப்பு அட்டை ஆல்பங்கள் எவ்வளவோ மேல். நான்கு மூலையிலும் சிறிய காகித மூலைகள், படத்தின் மீது ஒரு சொட்டுப் பசை கிடையாது, நடுவே சிலந்திவலைக் கோலம் போட்ட மெல்லிய தாள். இன்றைக்கும் போட்டோவுக்கு அந்த மூலைகளைத்தான் சிபாரிசு செய்கிறேன். வாங்கக் கிடைக்காவிட்டால் நல்ல தாளில் சிறிய சதுரத்தை வெட்டி முக்கோணமாக மடித்தால் ஆயிற்று.

அப்பா கடையில் பசை என்றால் மைதா. தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி மாதிரி பளபளக்கும்வரை கிண்டி, பூச்சி வராமல் இருக்கத் துத்தம் சேர்ப்பார். துத்தம் விஷம், அதிலுள்ள செம்பு தாளுக்கும் நல்லதில்லை. கணக்குப் பதிவேட்டுக்குச் சரி, குழந்தைகள் புரட்டும் வீட்டுப் புத்தகத்துக்குச் சரியில்லை. துத்தம் இல்லாத மைதாப் பசையை அன்றன்றைக்குக் காய்ச்சி, மெலிதாகத் தடவி, வெயில் படாமல் பாரம் வைத்து நன்றாக உலர்த்தினால் சாதாரணத் தாளுக்குப் போதும். அதன் பெரிய குணம், பிற்காலத்தில் ஈரம் காட்டினால் கழற்றிவிடலாம். பெவிகால் மாதிரி வெள்ளைப் பசை பலமாகப் பிடிக்கும், திரும்பிக் கழறாது. அட்டைக்கும் துணிக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள், கடிதத்துக்கு வேண்டாம்.

தாளுக்கு நார் ஓட்டம் உண்டு. ஆலையில் கூழ் ஓடிய திசையில் நார்கள் படுத்திருக்கும். ஒரு தாளைக் கிழித்துப் பாருங்கள்: ஒரு பக்கம் நேராகக் கிழியும், மறுபக்கம் கோணும். நேராகக் கிழியும் திசை புத்தகத்தின் முதுகுக்கு இணையாக வர வேண்டும். அப்படி வைத்தால் பக்கம் பணிந்து புரளும். மாற்றி வைத்தால் பசை ஈரத்தில் தாள் நெளிந்து, புத்தகம் வாயைத் திறந்துகொண்டே நிற்கும். அப்பா தாளை முகத்துக்கு நேரே பிடித்து லேசாக வளைத்துப் பார்த்தே திசையைச் சொல்லிவிடுவார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குத் தாளே வேறு பொருளாகிவிட்டது.

இன்னொரு பைண்டிங் ரகசியம். ஒட்ட ஒட்டப் புத்தகத்தின் வாய்ப்பக்கம் உப்பிப் போகும், முதுகு மட்டும் ஒல்லியாக இருக்கும். தைக்கும்போதே ஒவ்வொரு இரண்டு தாளுக்கும் நடுவே விரல் அகலத்துக்கு ஒரு துண்டுத்தாளை முதுகுப் பக்கம் சேர்த்துத் தைத்துவிட்டால், ஒட்டப் போகும் பொருளுக்கு முன்கூட்டியே இடம் விட்டதாக ஆகும். கடையில் வாங்கிய நோட்டில் ஒட்டுவதானால் மூன்று தாளுக்கு ஒரு தாளை, முதுகில் விரல் அகலம் விட்டுக் கத்தரித்து எடுத்துவிடுங்கள். அதே பலன்.

தாளுக்கு எங்கே போவது? பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் ஸ்கிராப் புக் தாள் ஒரு வருஷ வேலைக்குத்தான். சென்னைக்காரர்களுக்குப் பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்கு அட்டை விற்கும் கடைகளில் வெட்டி மிஞ்சிய தாள்களைக் கேட்டு வாங்கலாம். எந்த ஊரிலும் அச்சகத்தில் கேட்டால் ஓரத்துண்டுகள் கிடைக்கும். நான் பெரிய புத்தகங்களுக்குப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் வாங்கிவருகிறேன். பருத்தித் துணிக் கூழில் செய்வதால் அதில் மரத்தின் லிக்னின் தொல்லை இல்லை. விலை கூடத்தான். ஆனால் ஸ்டிக்கருக்குச் செலவழிக்காத பணத்தைத் தாளுக்குச் செலவழிக்கலாம்.

அட்டைக்கு மேலே போர்த்த, அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையை விட அழகான துணி எனக்குத் தெரியவில்லை. துணியில் நேராகப் பசை தடவினால் நூல் இடைவெளியில் பிதுங்கி மேலே கறையாகும். முதலில் துணியின் பின்புறம் மெல்லிய தாளை ஒட்டிக் காயவிட்டு, பிறகு அட்டையில் ஒட்ட வேண்டும். மூலையை மடிக்கும்போது அட்டையின் தடிமனுக்கு இரண்டு பங்கு துணி விட்டு வெட்டினால் அட்டை வெளியே தெரியாது. சேலை கிழிந்துவிட்டதே என்று அழுத ஒரு பெண், அதன் முந்தானையைத் தன் புத்தக அட்டையில் பார்த்தபோது மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

அலங்காரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. இப்போது எல்லாப் பெண் பிள்ளைகளும் வைத்திருக்கும் வாஷி டேப் எனக்கும் பிடிக்கும். ஜப்பானில் கமோய் என்ற ஆலை 1923-ல் ஈ ஒட்டும் தாள் செய்யத் தொடங்கி, பிறகு பெயின்டர்களுக்கான டேப் செய்துவந்தது. 2006-ல் கலை ஆர்வமுள்ள சில பெண்கள் அந்த டேப்பில் அழகைக் கண்டு ஆலைக்கே கேட்டு எழுத, அதிலிருந்து வண்ண டேப்புகள் பிறந்தன. மெல்லிய ஜப்பானியத் தாள், கையால் கிழியும், நோகாமல் கழறும். க்வில்லிங் தெரிந்தவர்கள் காகிதச் சுருளில் ஒரு மல்லிகைச் சரம் வைக்கலாம். ஆனால் உயரமான வேலைப்பாடு புத்தகத்துக்குள் நசுங்கும், கண்ணாடிச் சட்டத்துக்கு அது ஏற்றது. க்ளிட்டர் பொடி மட்டும் என் பாயில் கூடாது. அது போட்டோவின் மேற்பரப்பைக் கீறும்.

எழுத ஜெல் பேனாவை நம்பாதீர்கள். பலவற்றின் மை ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்துவிடும். நிறமி மை என்று போட்டிருக்கும் பேனா ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும். போட்டோவின் பின்னால் எழுத மிருதுவான பென்சில், அதுவும் அழுத்தாமல்.

வைக்கும் இடம் பரண் கிடையாது. மேல்தளத்துச் சூடு எல்லாவற்றையும் வறுத்துவிடும். மழைநீர் அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். உள்ளறை பீரோவில், படுக்கை வசமாக, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றிரண்டோடு வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கு ஈரமும் பசை மாவும் இருட்டும் பிடிக்கும். அடிக்கடி புரட்டப்படும் புத்தகம் அதற்குப் பிடிக்காது. ஆகவே விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டுங்கள். குழந்தைகள் கேட்டால் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கொடுங்கள்.

இந்த வாரம் என் மேசையில் இருப்பது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் எடுத்தது. அட்டையில் வரைந்த விமானத்தின் ஜன்னல் வழியாக மூன்று பெண்கள் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் இருப்பது என் அத்தை. வலப்பக்கம் அவருடைய தங்கை. இடப்பக்கம் இரட்டைப் பின்னலோடு, மற்ற இருவரைவிடப் பலமாகச் சிரிப்பவர் யாரென்று அத்தைக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. தெரிந்த முகம் என்று மட்டும் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை சோழவந்தானிலிருந்து பெரிய மதனி வருகிறார். அவர்தான் இந்தக் குடும்பத்தில் முகங்களை மறக்காதவர். அவரிடம் கேட்க வேண்டியதை ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: அந்தப் பெண் யார், விமானத்தில் உட்கார எவ்வளவு வாங்கினார்கள், வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள், திரும்பும்போது டெல்லி அப்பளம் சாப்பிட்டார்களா. பக்கத்துக்குத் தாள் வெட்டியாகிவிட்டது. வலப்பக்கம் முழுவதையும் மதனிக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.